பட்டியலில் நிற்பது பெயரா, பொருளா?

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் பலர் என்றாவது ஒரு நாள் பார்த்துத் திகைக்கும் காட்சி ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மாணவி நூலகத்துக்காகச் சிறிய நிரல் எழுதுகிறாள். 'நூல்' என்று ஓர் இனக்குழுவை (கிளாஸ்) வரையறுக்கிறாள். எண், தலைப்பு, ஆசிரியர், விலை, இரவலில் இருக்கிறதா இல்லையா என்று அதற்கு ஐந்து பண்புகள் கொடுக்கிறாள். பன்னிரண்டு நூல்களை உருவாக்குகிறாள். திரையில் ஒரு பட்டியல் பெட்டியை வைத்து, பன்னிரண்டையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறாள். பன்னிரண்டு வரிகள் சரியாக வந்து நிற்கின்றன. ஆனால் எல்லா வரியிலும் ஒரே எழுத்துகள்: 'நூலகம்.நூல்', 'நூலகம்.நூல்', 'நூலகம்.நூல்'.

கணினி பிழை செய்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள். கணினி பிழை ஏதும் செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் சூழலில் எந்தப் பொருளிடமும் 'உன்னை எழுத்தில் சொல்' என்று கேட்கலாம். டூஸ்ட்ரிங் என்று அந்தக் கேள்விக்குப் பெயர். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நாம் கற்றுக்கொடுக்காவிட்டால், பொருள் தன் இனக்குழுவின் முழுப் பெயரையே திருப்பிச் சொல்லும். பட்டியல் பெட்டி பன்னிரண்டு பொருள்களிடமும் கேட்டது. பன்னிரண்டும் தாம் எந்தக் குலம் என்பதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டன.

அந்தப் பன்னிரண்டு வரிகளைப் பார்த்து வருந்த வேண்டாம் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். அவை ஒரு நல்ல செய்தியைத் தாங்கி நிற்கின்றன. பட்டியலுக்குள் சென்றது தலைப்பு என்ற வெறும் எழுத்துச் சரம் இல்லை, நூல் என்ற முழுப் பொருளே உள்ளே போயிருக்கிறது. எந்தப் பண்பை முகமாகக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்வதுதான் பாக்கி. 'தலைப்பைக் காட்டு' என்று ஒரு சொல் சொன்னால் போதும், பன்னிரண்டு தலைப்புகளும் வந்துவிடும்.

ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுக்கிறீர்கள். ஏட்டில் இருப்பது எண்ணும் பெயரும்தான். 'பதினேழு' என்று கூப்பிட்டதும் எழுந்து நிற்பது எழுத்து அல்ல. ஊரும் வீடும் உயரமும் கூச்சமும் உள்ள ஒரு முழுக் குழந்தை. ஏட்டில் தெரியும் பெயருக்கும் எழுந்து நிற்கும் குழந்தைக்கும் இடையே இருக்கும் அந்த உறவைத் திரையில் உண்டாக்குவதற்குத் தரவுப் பிணைப்பு என்று பெயர். பார்க்கத் தெரிவது ஒரு பண்பு, பின்னால் நிற்பது பொருள் முழுவதும். இரண்டுக்கும் நடுவில் உள்ள முடிச்சு அவிழாமல் இருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த முடிச்சைப் பற்றித்தான்.

முடிச்சு இல்லாத காலம் எப்படி இருந்தது என்று முதலில் பார்ப்போம். 1991இல் விஷுவல் பேசிக் வெளிவந்தது. விண்டோஸ் திரைக்கு நிரல் எழுதுவது அதுவரை சிலருக்கே கைவந்த வேலை. அதை எளிய மனிதரின் கைக்குக் கொண்டுவந்தது அந்த மொழி. அதில் பட்டியல் பெட்டியை நிரப்ப ஒவ்வொரு வரியாக எழுத்தைச் சேர்ப்போம். ஆட்ஐட்டம் என்பது அந்தக் கட்டளை. தலைப்பை எடுத்து, ஒரு படி எடுத்து, பெட்டிக்குள் போடுவோம். போட்ட பிறகு பெட்டிக்கும் நம் தரவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பயனர் ஐந்தாவது வரியைச் சொடுக்கினால், தரவை வைத்திருக்கும் நம் அணிக்கோவையில் ஐந்தாவது இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். வரி எண்ணும் அணிக்கோவை எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வேலை ஓடியது.

அந்த நம்பிக்கை பொய்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருந்துக் கடைக்கு ரசீது போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். மருந்துப் பெயர்கள் அகர வரிசையில் நிற்கட்டும் என்று பட்டியல் பெட்டியின் வரிசைப்படுத்தும் பண்பை இயக்கி வைத்தேன். கோப்பிலிருந்து படிக்கும்போது தரவும் அகர வரிசையிலேயே வந்ததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் கடைக்காரர் புதிய மருந்து ஒன்றைச் சேர்த்தார். பெட்டி அதை அகர வரிசைப்படி நடுவில் செருகியது. என் அணிக்கோவை அதைக் கடைசியில் வைத்தது. அந்த நொடியிலிருந்து, புதிய மருந்துக்குக் கீழே இருந்த ஒவ்வொரு வரியும் தனக்குரியதல்லாத வேறொரு மருந்தைச் சுட்டத் தொடங்கியது.

கல்லாவில் இருந்த பெரியவர் ரசீதையும் கையிலிருந்த மாத்திரை அட்டையையும் ஒத்துப் பார்க்கும் வழக்கமுடையவர். அதனால் அன்றே பிடித்துவிட்டார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தொடுறது ஒரு பேரு, வர்றது வேற மருந்தா இருக்கு. கொஞ்சம் பாருங்க" என்றார். கோபப்படவில்லை. எனக்குத்தான் உடல் நடுங்கியது. அவர் ஒத்துப் பார்க்காமல் விட்டிருந்தால்? ஒவ்வொரு வரியோடும் ஓர் எண்ணை ஒட்டி வைக்கும் ஐட்டம்டேட்டா என்ற வசதி அந்த மொழியிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. ஆனாலும் அது ஓர் எண்ணை மட்டுமே தாங்கும். முழுப் பொருளைத் தாங்காது. திரையில் நிற்பது நகல் என்றால், அந்த நகல் எந்த நேரமும் மூலத்தை விட்டு விலகிப் போகலாம். இந்தப் பாடத்தை அந்தக் கடையில்தான் கற்றேன்.

நான் தடுக்கி விழுந்த இந்தப் பள்ளத்தை எனக்கு முன்பே ஒருவர் கண்டிருந்தார். டிரிக்வே ரீன்ஸ்காக் என்ற நார்வே நாட்டு அறிஞர். கப்பல் கட்டும் துறைக்கு மென்பொருள் எழுதியவர். ஒரு கப்பல் கட்டும் திட்டத்தை மேலாளர் ஒரு வடிவில் பார்க்க விரும்புவார், வேலையைப் பகிர்ந்து கொடுப்பவர் வேறொரு வடிவில் பார்ப்பார். அடியில் இருக்கும் திட்டமோ ஒன்றுதான். ரீன்ஸ்காக் 1978-79இல் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தங்கியிருந்தார். ஸ்மால்டாக் மொழி வளர்ந்துகொண்டிருந்த இடம் அது. அங்கே தரவை ஒரு பக்கமும் அதைக் காட்டும் பகுதியை இன்னொரு பக்கமும் பிரித்து வைக்கும் முறையை வகுத்து, 1979இல் குறிப்புகளாக எழுதினார். அங்கே பணியாற்றிய அடெல் கோல்ட்பெர்க் போன்றோருடன் நீண்ட விவாதங்கள் நடத்திய பிறகு, மாடல், வியூ, கன்ட்ரோலர் என்ற மூன்று பெயர்கள் நிலைத்தன. மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்று தமிழில் சொல்லலாம்.

மனிதன் தன் மனத்தில் ஒரு பொருளைப் பற்றி வைத்திருக்கும் உருவமும், கணினிக்குள் இருக்கும் உருவமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் ரீன்ஸ்காக்கின் கவலை. மருந்துக் கடைப் பெரியவர் மனத்தில் ஒரு மருந்து என்றால் ஒரே மருந்துதான். அது பட்டியலில் ஒன்றாகவும் அணிக்கோவையில் வேறொன்றாகவும் இருக்க முடியும் என்பதை அவர் ஏன் ஏற்க வேண்டும்? 

அந்தச் சிந்தனை நம் கைக்கு வர நாளாயிற்று. 1993இல் விஷுவல் பேசிக்கின் மூன்றாம் பதிப்பு, தரவுத்தளத்தின் களங்களைத் திரைக் கட்டுப்பாடுகளோடு கட்டும் வழியைத் தந்தது. 2002இல் டாட்நெட்டும் அதன் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற திரைக் கருவியும் வந்தபோது, தரவுத்தளம் இல்லாமலேயே நாம் உருவாக்கிய எந்தப் பொருளையும் நேரடியாகப் பட்டியலோடு பிணைக்க முடிந்தது. 2006இல் வந்த டபிள்யூபிஎஃப் என்ற அடுத்த திரைக் கருவி பிணைப்பையே தன் முதுகெலும்பாக வைத்துக்கொண்டது.

இனி வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். விண்டோஸ் ஃபார்ம்ஸ் பட்டியல் பெட்டியிடம் நாம் சொல்ல வேண்டியவை மூன்று. தரவு எங்கே இருக்கிறது என்பதை டேட்டாசோர்ஸ் என்ற பண்பில் சொல்கிறோம். எந்தப் பண்பை முகமாகக் காட்ட வேண்டும் என்பதை டிஸ்ப்ளேமெம்பரில் சொல்கிறோம். தேர்ந்தெடுத்ததும் எந்தப் பண்பின் மதிப்பு நமக்கு வேண்டும் என்பதை வேல்யூமெம்பரில் சொல்கிறோம். நூலகத்தில் தலைப்பு முகம், நூலின் எண் மதிப்பு. முழுப் பொருளே வேண்டுமானால் செலக்டட்ஐட்டம் என்று கேட்டால் நூலே கைக்கு வந்துவிடும். வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு அணிக்கோவையில் தேடி அலைய வேண்டாம். என் மருந்துக் கடைப் பிழைக்கு அங்கே இடமே இல்லை.

டாட்நெட்டின் சி ஷார்ப் மொழியில் இந்தப் பண்புகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 'தலைப்பு' என்று தமிழ் எழுத்தில் ஒரு பண்பை அறிவித்தால் தொகுப்பி (கம்பைலர்) ஏற்றுக்கொள்ளும். டிஸ்ப்ளேமெம்பருக்கும் 'தலைப்பு' என்றே கொடுக்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் ஒரு பிள்ளைக்கு இந்தக் கருத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெறும் எழுத்தாகத் தந்த 'தலைப்பு' என்ற பெயரை வைத்துக்கொண்டு, பெட்டி எப்படித் தலைப்பைக் கண்டுபிடிக்கிறது? நிரல் ஓடும்போதே அது பொருளின் இனக்குழுவிடம் 'உன்னிடம் உள்ள பொதுப் பண்புகள் எவை?' என்று விவரம் கேட்கிறது. வந்த விவரத்தில் அந்தப் பெயரைத் தேடுகிறது. கிடைத்ததும், அந்தப் பண்பின் வழியாக மதிப்பைப் படித்து எழுத்தாக மாற்றி வரைகிறது. எனவே பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கிடைக்காது. இன்னொன்றும் கவனியுங்கள்: பெட்டி தேடுவது பண்புகளை. பொது மாறியாக மட்டும் அறிவித்துவிட்டு, படிக்கவும் எழுதவும் வழி வைத்த பண்பாக அறிவிக்காமல் விட்டால், அது பெட்டியின் கண்ணில் படாது. 'எல்லாம் சரியாக எழுதினேன், ஆனாலும் இனக்குழுவின் பெயர்தான் வருகிறது' என்று வரும் மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்.

இங்கே ஒரு சிறு கண்டிப்பும் உண்டு. டேட்டாசோர்ஸைக் கொடுத்த பிறகு, பழைய பழக்கத்தில் பெட்டிக்குள் நேராக ஒரு வரியைச் சேர்க்கப் போனால் அது பிழை எழுப்பி மறுத்துவிடும். 'என்னிடம் எதையும் தராதே, மூலத்திடம் கொடு' என்பது அதன் பொருள். முதல்முறை பார்க்கும்போது எரிச்சல் வரும். எனக்கோ இன்று அது ஒரு நல்ல காவலாகத் தெரிகிறது. உண்மை ஓரிடத்தில்தான் வாழ வேண்டும், காட்சிக்கென்று தனிச் சொத்து கூடாது என்று அந்தப் பெட்டியே நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

அடுத்து வருவதுதான் இந்தப் பாடத்தில் மிகக் கடினமான பகுதி. பட்டியல் திரைக்கு வந்துவிட்டது. அதன்பின் தரவு மாறினால் திரைக்கு எப்படித் தெரியும்?

மாற்றம் இரண்டு வகை. நூலகத்துக்குப் புதிய நூல் வருவது ஒன்று. இருக்கும் நூலின் விலையோ இரவல் நிலையோ மாறுவது மற்றொன்று. முதலாவது கூட்டத்தின் மாற்றம், இரண்டாவது ஆளின் மாற்றம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். அனுபவசாலிகளும் குழம்புவார்கள்.

சாதாரண லிஸ்ட் என்ற தொகுப்பில் நூல்களை வைத்துப் பிணைத்தால், பிறகு ஒரு நூலைச் சேர்த்தாலும் திரை அசையாது. தொகுப்புக்குள் நூல் சேர்ந்துவிட்டது. ஆனால் அதை வெளியே சொல்ல அந்தத் தொகுப்புக்கு வாய் இல்லை. ஊமை கண்ட கனவு போல மாற்றம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. வாய் உள்ள தொகுப்புகளும் இருக்கின்றன. விண்டோஸ் ஃபார்ம்ஸுக்கு 2005இல் டாட்நெட் 2.0 தந்த பைண்டிங்லிஸ்ட் ஒன்று, டபிள்யூபிஎஃபோடு வந்த அப்சர்வபிள்கலெக்ஷன் இன்னொன்று. ஒரு பொருள் சேர்ந்தாலும் நீங்கினாலும் இவை ஒரு நிகழ்வை எழுப்பும். பெட்டி அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஆளின் மாற்றத்துக்கு வேறு ஏற்பாடு. நூல் என்ற இனக்குழுவே 'என் பண்பு மாறினால் சொல்வேன்' என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ட் என்பது அந்த ஒப்பந்தத்தின் நீண்ட பெயர். அதை ஏற்ற பொருள், விலை மாறும்போது 'விலை மாறியது' என்று தண்டோரா போடுகிறது. அந்த அறிவிப்பில் புதிய விலை இருக்காது. எந்தப் பண்பு மாறியது என்ற பெயர் மட்டுமே இருக்கும். மதிப்பு தேவைப்படுகிறவர் பொருளிடமே வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை முதலில் படித்தபோது, மதிப்பையும் சேர்த்தே அனுப்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பல ஆண்டுகள் கழித்துத்தான் இதிலுள்ள நுட்பம் பிடிபட்டது. மதிப்பை அனுப்பினால் அது மறுபடியும் ஒரு நகல் ஆகிவிடும். அது வழியில் இருக்கும்போதே விலை இன்னொரு முறை மாறியிருக்கலாம். அறிவிப்பு வெறும் அழைப்பாக இருந்தால், வந்து கேட்பவருக்கு எப்போதும் அந்த நொடியின் மதிப்பே கிடைக்கும். மருந்துக் கடையில் நான் மீறிய அதே விதியை இந்தச் சிறிய அறிவிப்பு எவ்வளவு கவனமாகக் காக்கிறது என்று பாருங்கள்!

பலர் இங்கே ஒரு குறுக்கு வழியை எடுப்பார்கள். டேட்டாசோர்ஸை வெறுமையாக்கி, மறுபடியும் அதே தொகுப்பைக் கொடுப்பார்கள். பட்டியல் புதிதாக வந்துவிடும். ஆனால் பயனர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த வரி போய்விடும். அவர் உருட்டிப் போய் நின்ற இடமும் தொலையும். நூறாவது வரியில் ஒரு வேலையாக இருந்தவரைக் காரணம் சொல்லாமல் முதல் வரிக்குத் தள்ளிவிடுவது அவருடைய நேரத்தை மதிக்காத செயல். வாய் உள்ள தொகுப்பைப் பயன்படுத்தினால் மாறிய வரி மட்டும் மாறும், மற்றவை தத்தம் இடத்தில் இருக்கும்.

டபிள்யூபிஎஃப் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. ஒரு வரி என்றால் ஒரு பண்புதான் என்ற கட்டுப்பாட்டை அது நீக்கியது. வார்ப்புரு ஒன்றை எழுதித் தந்தால், ஒவ்வொரு நூலும் அந்த வார்ப்பில் வந்து அமரும். மேலே தடித்த எழுத்தில் தலைப்பு, கீழே சிறிய எழுத்தில் ஆசிரியர், வலப்பக்கம் விலை, இரவலில் இருந்தால் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. வார்ப்புரு ஒன்று, நூல் ஆயிரம். ஆயிரம் வரிகளையும் உடனே உருவாக்கினால் கணினி திணறாதா என்று கேட்பீர்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வந்திருந்தாலும் கூடத்தில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் ஒரு நேரத்தில் அமர்கிறார்கள். அதுபோலப் பட்டியலும் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டுமே உருவாக்குகிறது. உருட்டும்போது அடுத்தவை வருகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2014இல் வந்த ரீசைக்ளர்வியூ இதே பந்தி முறையில்தான் நடக்கிறது. நீங்கள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் செய்திப் பட்டியல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

தமிழில் நிரல் எழுதுவோர் கட்டாயம் அறிய வேண்டிய இரண்டு செய்திகளை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, எண்ணைப் பற்றியது. நூலகத்தின் ஆண்டுச் செலவு ஒன்றேகால் லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாம் அதை 1,25,000 என்று எழுதுவோம். டபிள்யூபிஎஃப் பிணைப்பில் எண்ணை வடிவமைக்கச் சொன்னால் 125,000 என்று வந்து நிற்கும். உங்கள் கணினியின் வட்டார அமைப்பில் இந்தியா என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் அப்படித்தான் வரும். காரணம், அங்கே பிணைப்புகள் கணினியின் அமைப்பைப் பார்ப்பதில்லை. திரையின் மொழிப் பண்பைப் பார்க்கின்றன. அதன் இயல்பு மதிப்பு அமெரிக்க ஆங்கிலம். நிரல் தொடங்கும்போதே அந்தப் பண்பை மாற்றி வைத்தால் லட்சமும் கோடியும் நம் வழக்கப்படி கமா இட்டு வரும். சில வரிகளில் முடியும் வேலை. அந்தச் சில வரிகளை எழுதாததால், கணக்குப் பார்க்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் இலக்கங்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அகர வரிசை. 'மழை', 'மனம்' என்று இரண்டு தலைப்புகள். நம் அகராதிப்படி எது முதலில்? மெய்யெழுத்து வரிசையில் ழகரம் முன், னகரம் கடைசி. எனவே மழை முன்னால் வர வேண்டும். ஆனால் ஒருங்குறியில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களின்படி வரிசைப்படுத்தினால் மனம் முன்னால் வந்துவிடும். இந்திய மொழிகளுக்கு ஒருங்குறியில் இடம் ஒதுக்கியபோது 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றினார்கள். அது எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டத்தில் அடுக்கும் முறை. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் போய் அமர்ந்தன. இது பழுது ஆகாது. எழுத்தின் எண் வேறு, மொழியின் வரிசை வேறு என்பதைப் புரிந்துகொண்டால் போதும். வெறும் எண்ணால் ஒப்பிடாமல், தமிழ் மரபுப்படி ஒப்பிடு என்று வரிசைப்படுத்தும் இடத்தில் நாம் சொல்லிவிட வேண்டும். டபிள்யூபிஎஃபில் தரவைத் தொடாமல், தரவுக்கும் திரைக்கும் இடையே ஒரு காட்சி அடுக்கை வைத்து, அதில் வரிசையையும் வடிகட்டலையும் அமைக்கலாம். ஒருவர் தலைப்பு வரிசையில் பார்க்கலாம், இன்னொருவர் ஆசிரியர் வரிசையில் பார்க்கலாம். நூல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ரீன்ஸ்காக் தன் கப்பல்களுக்காகக் கேட்டதும் இதுதானே!

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிணைப்பு தவறும்போது பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. விண்டோஸ் ஃபார்ம்ஸில் முகப் பண்பின் பெயரைத் தவறாகக் கொடுத்தால் மறுபடியும் இனக்குழுவின் பெயர்தான் வரும். டபிள்யூபிஎஃபில் வரி வெறுமையாக நிற்கும். நிரல் நிற்காது, எச்சரிக்கைப் பெட்டியும் தோன்றாது. நிரலைச் சோதித்து ஓட்டும்போது வெளியீட்டுச் சாளரத்தில் மட்டும் ஒரு நீண்ட வாசகம் வந்து போகும். அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும். பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத்தாக எழுதுவதே இந்த ஆபத்தின் வேர். 2015இல் வந்த சி ஷார்ப் ஆறாம் பதிப்பு நேம்ஆஃப் என்ற சொல்லைத் தந்தது. அதைப் பயன்படுத்தினால் பண்பின் பெயரை மாற்றும்போது தொகுப்பியே தவறைக் காட்டிவிடும். நிரல் எழுதுகிற இடங்களிலெல்லாம் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்று ரியாக்ட், வியூஜேஎஸ் என்று புதிய கருவிகள் வந்துவிட்டன. பெயர்களும் எழுதும் முறையும் மாறியிருக்கின்றன. தரவு ஓரிடத்தில் இருக்கட்டும், திரை அதிலிருந்து பிறக்கட்டும் என்ற அடிப்படை அவற்றிலும் இருக்கிறது. அதனால் நான் இன்று சொன்ன கருவி பழையது என்று ஒதுக்க வேண்டாம். விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் இரண்டின் மூல நிரலையும் மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் பொதுவில் திறந்துவைத்தது. பட்டியல் பெட்டி எப்படிப் பண்பைத் தேடுகிறது என்பதை நீங்களே திறந்து படிக்கலாம். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பதுபோல எந்தக் கட்டணமும் இல்லாமல் படிக்கலாம். நான் படித்த காலத்தில் எங்களுக்குக் கிடைக்காத பேறு அது.

மாணவர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். இந்த நூலகத்திலிருந்து நீங்கள் படித்த பத்து நூல்களை எடுத்துக்கொண்டு 'நூல்' என்ற இனக்குழுவை எழுதுங்கள். பண்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். பட்டியல் பெட்டியோடு பிணைத்துத் தலைப்பைக் காட்டுங்கள். பிறகு இரண்டு பொத்தான்கள் வையுங்கள். ஒன்று புதிய நூலைச் சேர்க்கட்டும். இன்னொன்று, தேர்ந்தெடுத்த நூலின் தலைப்பைத் திருத்தட்டும். அழுத்திப் பாருங்கள். முதல் பொத்தானுக்குத் திரை அசையவில்லை என்றால் தொகுப்புக்கு வாய் இல்லை. இரண்டாவதற்கு அசையவில்லை என்றால் நூலுக்கு வாய் இல்லை. எது பேசவில்லை என்று கண்டுபிடித்துப் பேசவையுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

அது முடிந்ததும் வரிசையை மாற்றிப் பாருங்கள், நடுவில் ஒரு நூலைச் சேருங்கள், பிறகு ஏதாவது ஒரு வரியைத் தொடுங்கள். தொட்ட நூலேதான் கைக்கு வருகிறதா என்று தலைப்பையும் எண்ணையும் ஒத்துப் பாருங்கள். கையிலிருந்த அட்டையையும் ரசீதையும் ஒத்துப் பார்த்த அந்தப் பெரியவரிடமிருந்து நான் கற்றது அந்தப் பழக்கம். எனக்குப் பிறகு நீங்களும் அதைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.